வேறொரு வீட்டிலிருக்கும் அம்மாவின் கணினிக்குள் நுழைய எந்தச் செயலி?

அம்மாவின் கணினியில் கோளாறு என்றால் முதலில் அடிப்பது என் போன்தான். அடுத்து பெரியப்பா, அப்புறம் சித்தி. மூன்று வீடு, மூன்று விதமான கணினி, மூன்று இணைய இணைப்பு. இவர்களுடைய திரையை என் திரையில் வரவழைக்க ஒவ்வொரு செயலியாகப் போட்டுப் பார்த்துப் பல வருடங்கள் ஓடிவிட்டன.

எது நல்லது என்று கேட்பவர்கள் வழக்கமாக வேகத்தையும் படத்தின் தெளிவையும் இலவசமா என்பதையும்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. இணைப்பு கிடைக்காத அன்று, எதிர்முனையில் இருப்பவர் போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சரிசெய்ய முடியுமா? இணைந்துவிட்டால் எல்லாச் செயலியும் ஏறக்குறைய ஒன்றுதான். இணையாதபோதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். அந்தக் கண்ணோடுதான் கீழே உள்ளவற்றை ஒப்பிட்டிருக்கிறேன்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டு ரவுட்டர் என்பது உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவு. உள்ளே இருக்கும் கணினி வெளியே யாரைக் கூப்பிட்டாலும் விடும். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று தெரியாமல் விட்டுவிடும். 192.168 என்று தொடங்கும் ஐபி எண்கள், அதாவது வலையில் கணினிக்கான முகவரிகள், லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரி இருப்பவை. அவற்றுக்கு வெளியில் மதிப்பில்லை.

அதற்கு மேல் இன்னொரு கதவும் இருக்கலாம். பழைய வகை ஐபி எண்களின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பகிர்ந்து முடிந்துவிட்டது. அதனால் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. உங்கள் இணைப்பு அப்படிப்பட்டதா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்பக்க ஐபி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தாலோ, ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினாலோ, உங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது எண் இல்லை. அப்புறம் ரவுட்டரில் எந்தப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து வர விடும் எண்ணிட்ட வாசலை, திறந்துவிட்டாலும் பயனில்லை.

இன்றைய செயலிகள் இதைத் தாண்டும் விதம் எளிமையானது. இரு வீட்டுக் கணினிகளும் தங்கள் பக்கத்திலிருந்து வெளியே கிளம்பி நடுவில் ஒரு சர்வரைத் தொடுகின்றன. சர்வர் இரண்டையும் அறிமுகம் செய்துவைக்கிறது. முடிந்தால் அதன்பின் நேரடியாகப் பேசிக்கொள்ளும், முடியாவிட்டால் சர்வர் வழியாகவே போய்வரும். யாரும் கதவைத் தட்டத் தேவையில்லை, இருவரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ‘ரவுட்டரில் போர்ட் திறங்கள்’ என்று தொடங்கும் எந்த வழியையும் குடும்ப உதவிக்கு நான் முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுவதற்கு இதுதான் காரணம். பெரியப்பாவிடம் போனில் ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்டு, உள்ளே நுழைய வைத்து, போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்வதற்குள் மூல வேலையே மறந்துவிடும்.

பழைய விண்டோஸ் ரிமோட் அசிஸ்டன்ஸும் இந்த வகையில் சேர்ந்ததுதான். 2001இல் எக்ஸ்பியோடு வந்தது. அழைப்புக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் எதிர்முனையில் திறக்க வேண்டும். அந்தக் கோப்புக்குள் இருப்பது அந்த நேரத்து முகவரி. ரவுட்டர் நடுவில் நின்றால் பல வீடுகளில் வேலை செய்யாது. இன்னும் சிலர் இதைத் தேடி எடுத்துப் போராடுகிறார்கள். வேண்டாம்.

குயிக் அசிஸ்ட்

இரு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் நான் முதலில் கை வைப்பது இதில். 2016இல் விண்டோஸ் 10க்கு வந்த ஆண்டு நிறைவுப் பதிப்போடு சேர்ந்து வந்தது. கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி கேட்பவருக்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. உதவுகிறவர் மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். நான் ஒரு குறியீட்டை எடுத்துப் போனில் சொல்கிறேன், அம்மா அதைத் தட்டச்சு செய்கிறார், அவ்வளவுதான். சாதாரண இணையப் பக்கங்கள் போகும் 443 என்ற போர்ட் வழியாகவே போவதால் ஃபயர்வால் என்ற தடுப்போடு மல்லுக்கட்டும் வேலை அநேகமாக இருக்காது.

சிக்கல் வரும் இடங்கள் தெரிந்தவை. குறியீடு பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் முடிந்துவிடுவதும் உண்டு. அதனால் செயலியைத் திறந்து கண்ணாடியும் போட்டுக்கொண்ட பிறகுதான் குறியீட்டை எடுப்பேன். 2022க்குப் பிறகு இது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படும் செயலியாகிவிட்டது. பழைய பதிப்பே தங்கிவிட்ட கணினியில் ‘புதுப்பியுங்கள்’ என்று நிற்கும். முதலில் திரை மட்டும்தான் தெரியும். மவுஸ் என் கைக்கு வர நான் தனியாகக் கேட்க வேண்டும், அவர் தனியாகச் சம்மதிக்க வேண்டும். ‘தெரியுது, ஆனா அசைக்க முடியல’ என்ற புகாரில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் சம்மதத்தைத் தவறவிட்டதால் வருபவை.

இனி, கறுப்புத் திரை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இணைப்பு அறுந்துவிட்டது’ என்று நினைக்க வைப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஒருமுறை அம்மாவின் கணினியில் பிரிண்டருக்கான மென்பொருளை நிறுவிக்கொண்டிருந்தேன். எந்தச் செயலி வழியாக என்பது இங்கே முக்கியமில்லை. திடீரென்று என் பக்கம் முழுவதும் கறுத்துப்போனது. அறுந்துவிட்டது என்று மூடினேன். மறுபடி குறியீடு, மறுபடி இணைப்பு, மறுபடி கறுப்பு. மூன்றாவது முறைதான் கேட்கத் தோன்றியது.

“அம்மா, அங்க என்ன தெரியுது?”

“எல்லாம் மங்கலாயி நடுவுல ஒரு பொட்டி நிக்குது. எஸ், நோன்னு கேக்குது. தெரியாத எதையும் அமுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிருக்க, அதான் கையை எடுத்துட்டு உக்காந்திருக்கேன்.”

நான் சொல்லிக்கொடுத்தபடியே நடந்திருக்கிறார். தவறு என்னுடையது. கணினியின் அமைப்பையே மாற்றும் வேலை எதுவாக இருந்தாலும் விண்டோஸ் அந்தச் சம்மதப் பெட்டியைத் தனியான பாதுகாப்புத் திரையில் காட்டும். மற்ற நிரல்கள் அதைப் பார்க்கவோ அதன்மேல் க்ளிக் செய்யவோ கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. தற்காலிகமாக ஓடும் ரிமோட் செயலியும் அந்த ‘மற்ற நிரல்களில்’ ஒன்று. ஆகவே கறுப்பு என்பது அறுப்பு அல்ல, எதிர்முனையில் ஒரு கேள்வி காத்திருக்கிறது என்று பொருள். இப்போதெல்லாம் எதையும் நிறுவுவதற்கு முன்பே, “இப்ப ஒரு பொட்டி வரும், அதுல இந்தப் பேர் இருக்கான்னு படிச்சுச் சொல்லு, இருந்தா எஸ் அமுக்கு” என்று சொல்லிவிடுகிறேன். பெயரைப் படிக்கச் சொல்வது முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு எஸ் அமுக்கும் பழக்கத்தை நானே அவருக்கு ஏற்படுத்திவிடக் கூடாது.

குரோம் ரிமோட் டெஸ்க்டாப்

இரு பக்கமும் ஒரே இயங்குதளம் இல்லையென்றால் இதுதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் வரும். சித்தி வைத்திருப்பது மேக். அங்கே இதையே பயன்படுத்துகிறேன். உதவி கேட்பவர் பக்கத்தில் 12 இலக்க எண் ஒன்று உருவாகும். ஒருமுறைக்கு மட்டும் செல்லும் எண் அது. குயிக் அசிஸ்ட்டில் எண் என்னிடமிருந்து அவருக்குப் போகிறது, இங்கே அவரிடமிருந்து எனக்கு வருகிறது. போனில் 12 இலக்கத்தை வாங்குவது கடினம் என்று தோன்றும். நான்கு நான்காகப் பிரித்துச் சொல்லச் சொன்னால் பிழை வராது. அரை மணிக்கு ஒருமுறை ‘தொடர்ந்து பகிரவா’ என்று அந்தப் பக்கம் கேட்கும். சித்தி அடுத்த அறைக்குப் போய்விட்டால் இணைப்பு முடிந்துவிடும். இதையும் கோளாறு என்று நினைத்துத் தேட வேண்டாம்.

இதன் உண்மையான தடங்கல் முதல் நாளில்தான். எதிர்முனையில் ஒரு சிறு நிரலை நிறுவ வேண்டும், கூகுள் கணக்கு வேண்டும். மேக் என்றால் கூடுதலாக ஒன்று: 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, திரையைப் பதிவுசெய்யும் அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுத்தால்தான் ஜன்னல்கள் தெரியும். கொடுக்காவிட்டால் சுவர்ப்படம் மட்டும் அழகாகத் தெரியும், திறந்திருக்கும் எதுவும் தெரியாது. மவுஸ் அசைய ‘அணுகல்தன்மை’ என்ற இன்னொரு அனுமதி வேண்டும். இரண்டையும் கொடுத்தபின் செயலியை மூடித் திறக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு அனுமதிகளையும் தொலைவிலிருந்து கொடுக்க முடியாது என்பதால், நேரில் போகும்போதே செய்துவைத்துவிடுங்கள். மேக்கில் எந்த ரிமோட் செயலிக்கும் இதே கதைதான்.

டீம்வியூவர், எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க்

இந்த மூன்றும் ஒரு குடும்பம் மாதிரி: எண்ணைச் சொல், பாஸ்வேர்டைச் சொல், உள்ளே வா. டீம்வியூவர் 2005இலிருந்து இருக்கிறது. முதலில் 5938 என்ற போர்ட்டை முயன்று, அது அடைபட்டிருந்தால் 443, அதுவும் இல்லையென்றால் 80 என்று வழி மாற்றிக்கொள்ளும். பிடிவாதமான ரவுட்டர்களில் இது இணைவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம். தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். ஆனால் அலுவலகக் கணினியிலிருந்து அடிக்கடி இணைத்தால் வணிக உபயோகம் என்று சந்தேகித்து நேரத்தைக் குறைத்துவிடலாம். உறவினர் ஒருவருக்கு அலுவலக லேப்டாப்பிலிருந்து உதவுவது வழக்கமென்றால், நடுவழியில் நின்றுபோகும் காரணம் அங்கே இருக்கலாம்.

எனிடெஸ்க் மெலிந்த இணைப்பிலும் ஓடும், நிறுவாமலும் ஓட்டலாம். 2024 பிப்ரவரியில் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது; செயலி அசல்தான் என்று காட்டும் பழைய சான்றிதழை மாற்றிப் புதுப் பதிப்பை வெளியிட்டது. பழைய நிறுவலை வைத்திருப்பவர்கள் புதியதுக்கு மாறியிருக்க வேண்டும். ரஸ்ட்டெஸ்க் திறந்த மூல மென்பொருள், நடுவில் இருக்கும் சர்வரைக்கூட நீங்களே நடத்திக்கொள்ளலாம். சர்வர் நடத்துவதில் ஆர்வமுள்ளவருக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அம்மா கூப்பிடும் நேரத்தில் நம் சர்வர் படுத்திருந்தால் இரண்டு கோளாறு ஆகிவிடும்.

இந்த வகையின் பெரிய வசதி, ஆள் இல்லாதபோதும் நுழைய முடிவது. நிரந்தர பாஸ்வேர்டு வைத்து, விண்டோஸில் சர்வீஸாக, அதாவது பின்னணியில் எப்போதும் ஓடும் நிரலாக, நிறுவினால் அந்தச் சம்மதப் பெட்டிகூட நமக்குத் தெரியும், மறுதொடக்கம் செய்துவிட்டுத் திரும்பவும் நுழையலாம். வசதிதான். ஆனாலும் பெற்றோர் கணினியில் நான் அதை வைக்கவில்லை. அது அவர்கள் வீடு. யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். திரையில் கர்சர் தானாக நகர்வதை அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவரும் ஒன்றிரண்டு கற்றுக்கொள்கிறார். பெரியப்பா தானாகக் கேட்டார், கை நடுக்கம் அதிகமாகி குறியீடு தட்டச்சு செய்வது சிரமமானபோது. அவர் கணினியில் மட்டும் வைத்திருக்கிறேன், நீளமான பாஸ்வேர்டோடும் இரண்டடுக்குச் சரிபார்ப்போடும்.

அப்படி வைத்தால் கணினி தூங்கப் போகும் அமைப்பையும் மாற்ற வேண்டும். ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் கணினியில் முக்கால்வாசி நேரம் நெட் இருக்கும், கணினிதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்

அலுவலகத்தில் இதைப் பழகியவர்கள் வீட்டுக்கும் இதையே போடலாம் என்று வருவார்கள். மூன்று காரணங்களுக்காக உதவிக்கு இது பொருந்தாது. ஹோம் பதிப்பு விண்டோஸுக்குள் இதன் வழியாக நுழைய முடியாது, ப்ரோ வேண்டும். நாம் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். அம்மா பார்ப்பது பூட்டுத் திரை மட்டும். அவருக்கு எதையும் காட்டித்தர முடியாது. மூன்றாவது, 3389 என்ற அதன் போர்ட்டை இணையத்தில் திறந்துவிடுவது ஆபத்து. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, ஆதரவை நிறுத்தி ஐந்து வருடம் ஆன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அந்த அளவுக்கு அது கவலைக்குரியதாக இருந்தது.

உங்கள் சொந்தக் கணினியையே வெளியிலிருந்து பயன்படுத்த வேண்டுமென்றால் மட்டும், டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை இரு பக்கமும் போட்டு அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை ஓட்டுங்கள். வயர்கார்ட் என்ற மறைகுறியாக்க இணைப்பு முறையின் மீது கட்டப்பட்டது அது. போர்ட் எதையும் திறக்காமலே இரண்டு கணினிகளும் ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல ஆகிவிடும். விஎன்சி என்ற பழைய திரைப்பகிர்வு முறையை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

எதுவும் இணையாதபோது

செயலியை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெரியப்பா வீட்டில் இதை நான் கற்றுக்கொண்ட விதம் மறக்காது. ஒரு காலையில் அவர் கணினியில் எண்ணே உருவாகவில்லை. வேறு செயலி, அதிலும் இல்லை. மூன்றாவதும் இல்லை. நெட் இருக்கிறது, ஆனால் பல தளங்கள் ‘பாதுகாப்பானதல்ல’ என்கின்றன. ஒரு மணி நேரம் ஃபயர்வாலைக் குறை சொல்லிவிட்டுக் கடைசியாகக் கேட்டேன்.

“பெரியப்பா, கீழ வலது மூலையில மணி என்னன்னு போட்டிருக்கு?”

“பன்னண்டு இருபது.”

காலை ஒன்பதரைக்கு.

“அதுக்குக் கீழ தேதி?”

“ஜனவரி ஒண்ணு.”

மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டிருந்தது. மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் எதிர்முனையின் சான்றிதழ் இன்றைய தேதிக்குச் செல்லுமா என்று பார்க்கும். கணினியின் ‘இன்று’ தவறென்றால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. தேதியைத் திருத்தியதும் முதல் செயலியே இணைந்தது. சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றியபின் அந்தத் தொல்லை திரும்பவில்லை. அதிலிருந்து, இணைப்பு கிடைக்கவில்லை என்றால் என் முதல் கேள்வி மணி என்ன என்பதுதான்.

அடுத்து விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் இணைப்பு. இரு பக்கத்தில் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள். அலுவலகக் கணினி என்றால் ரிமோட் செயலிகளை நிர்வாகமே தடுத்திருக்கும். அதை உடைக்க முயலாமல் வேறு கணினிக்கு மாறுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் ஒரு சோதனை, பல மணி நேரத்தை மிச்சம் பிடிப்பது. எதிர்முனைக் கணினியை வீட்டு வைஃபையிலிருந்து எடுத்து அவர்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கச் சொல்லுங்கள். அதில் இணைந்துவிட்டால் குற்றம் ரவுட்டரிலோ இணைய நிறுவனத்திலோ. அதிலும் இணையாவிட்டால் கணினிக்குள்ளேயே. பின்னதென்றால் ஆன்டிவைரஸைப் பாருங்கள்: ரிமோட் செயலிகளை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவதால் சில ஆன்டிவைரஸ்கள் அவற்றை ஓட விடுவதில்லை.

இணைந்தும் இழுத்துக்கொண்டிருந்தால், பார்க்க வேண்டியது உங்கள் வேகத்தை அல்ல. படம் கிளம்புவது அவர்கள் வீட்டிலிருந்து, ஆகவே அவர்களுடைய அப்லோடு வேகம்தான் கணக்கு. வீட்டு இணைப்புகள் பலவற்றில் அது டவுன்லோடைவிட மிகவும் குறைவு. படத் தரத்தைக் குறையுங்கள், முடிந்தால் கேபிளில் இணைக்கச் சொல்லுங்கள். தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் இரு பக்கத்து விசைப்பலகை மொழியையும் ஒப்பிடுங்கள். என் பக்கம் தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல் சித்தியின் பாஸ்வேர்டை நான்கு முறை தவறாக அடித்திருக்கிறேன்.

நெட்டே இல்லை, அல்லது விண்டோஸே ஏறவில்லை என்றால் எந்தச் செயலியும் உதவாது. அப்போது போனில் வீடியோ அழைப்பு, கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தல். இதைக் கடைசிப் புகலிடமாக நினைக்காமல் ஒப்பீட்டிலேயே சேர்க்கிறேன். ரவுட்டரில் எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது என்று இது ஒன்றுதான் காட்டும்.

எங்கள் மூன்று வீடுகளில்

அம்மாவுக்குக் குயிக் அசிஸ்ட். சித்தியின் மேக்குக்குக் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். பெரியப்பாவுக்கு நிரந்தர அனுமதியோடு டீம்வியூவர். மூவரிடமும் இரண்டாவதாக ஒன்று நிறுவி, சோதித்து, தயாராக இருக்கிறது. ஒன்று படுத்தால் மற்றொன்றை முதன்முதலாக நிறுவ அதே நேரத்தில் போனில் போராடக் கூடாது என்பதற்காக. பெரிய விண்டோஸ் புதுப்பிப்பு ஒவ்வொன்றுக்குப் பின்னும் கோளாறு இல்லாதபோதே ஐந்து நிமிடம் இணைத்துப் பார்த்துவிடுவோம்.

ஒன்றை மட்டும் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் விடாதீர்கள். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டே எச்சரித்தது: தொழில்நுட்ப உதவியாளர் போலப் போன் செய்து, குயிக் அசிஸ்ட்டைத் திறக்கச் சொல்லி, குறியீடு கொடுத்து உள்ளே நுழையும் கும்பல்கள் இருக்கின்றன. நான் அம்மாவிடம் சொல்லும் அதே வார்த்தைகளைத்தான் அவர்களும் சொல்கிறார்கள், அதே விசைகளை அழுத்தச் சொல்கிறார்கள். குரலை வைத்து அடையாளம் காண்பதையும் நம்பியிருக்க முடியாது. அதனால் எங்கள் மூன்று வீட்டிலும் மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பெரியப்பா கையெழுத்தில், பெரிய எழுத்தில் மூன்று வரி: ‘அவர்கள் கூப்பிட்டால் வை. நாமே கூப்பிட்டால் மட்டும் திற. முதலில் வங்கிப் பக்கத்தை மூடு.’ போன மாதம் யாரோ ஒருவர் அம்மாவுக்குப் போன் செய்து கணினியில் வைரஸ் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு எனக்கு அடித்தார். அன்று நான் கணினிக்குள் நுழைய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.